வாசகர் கேள்விகள்: அமெரிக்க அரசியலின் சில முடிச்சுகள்

தஞ்சாவூர் வாசகர் ஒருவர்: 2016-இல் ஹிலாரி கிளிண்டன் டிரம்ப்பைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோற்றார். அதிக வாக்கு வாங்கியவர் வீட்டுக்குப் போவது எந்த ஊர் நியாயம்?

பதில்: நவம்பர் மாதம் அங்கே நடப்பது ஒரே தேர்தல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தின் கணக்கில் அவை 51 தேர்தல்கள். 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியே நடத்துபவை. வாக்காளர் தேர்ந்தெடுப்பது அதிபரை அல்ல, இன்னாருக்கு வாக்களிப்போம் என்று உறுதி கூறியிருக்கும் தேர்வாளர்களை. ஒரு மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடங்களோ அவற்றோடு மேலவையான செனட்டின் இடங்கள் இரண்டையும் கூட்டினால் அதன் தேர்வாளர் எண்ணிக்கை வரும். நாடு முழுவதற்கும் 538 பேர். வெற்றிக்கு 270 பேர் வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு முந்தினாலும் மொத்தத் தேர்வாளர்களும் முந்தியவருக்கே. கிளிண்டன் கலிபோர்னியாவில் மட்டும் 42 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த உபரி அவருக்கு ஒரு தேர்வாளரைக்கூடக் கூடுதலாகத் தரவில்லை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்குகளில் அவர் ஆட்சியைப் பறிகொடுத்தார்.

இரண்டு செனட் இடங்கள் எல்லா மாநிலங்களுக்கும் சமம் என்பதால் சிறிய மாநிலங்களுக்குக் கை ஓங்குகிறது. சுமார் 5.77 லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள், 3.95 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54. வகுத்துப் பார்த்தால் அங்கே 1.92 லட்சம் பேருக்கு ஒருவர், இங்கே 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் சிறிய மாநிலங்களின் அச்சத்தைத் தணிக்கச் செய்த ஏற்பாடு இது என்று பாடநூல்கள் சொல்லும். அது பாதி உண்மைதான். வாக்குரிமையே இல்லாத அடிமைகளில் ஐந்துக்கு மூன்று பேரைத் தங்கள் மக்கள்தொகையில் சேர்த்துக்கொண்ட தென்மாநிலங்களுக்கு, அந்தக் கணக்கை அதிபர் தேர்தலுக்கும் கொண்டுவந்து கொடுத்தது இதே ஏற்பாடுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை மாற்ற முயலாமலும் இல்லை. 1969-இல் நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338-க்கு 70 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. மறு ஆண்டு செனட்டில் அது மடிந்தது. திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. சலுகையை அனுபவிப்பவர்களே அதை விட்டுக்கொடுக்கக் கையெழுத்திட வேண்டும் என்றால் எப்போது நடக்கும்?

மன்னார்குடி வாசகர் ஒருவர்: எங்கள் பக்கத்து ஊரான துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகக் கோயிலில் வழிபாடு நடத்தினார்கள். துணை அதிபராக அவர் பார்த்த வேலைதான் என்ன? அலங்காரப் பதவிதானே?

பதில்: மனிதர் கண்டுபிடித்த பதவிகளிலேயே அற்பமானது என்று முதல் துணை அதிபர் ஜான் ஆடம்ஸே தம் மனைவிக்கு எழுதினார், ஆகவே உங்கள் ஐயத்துக்கு நல்ல துணை உண்டு. அதிபருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்த இடத்துக்கு வருவது போக, அரசியல் சட்டம் துணை அதிபருக்குத் தருவது செனட்டின் தலைமை ஆசனத்தை மட்டும்தான். வாக்குகள் சரிசமமாக நின்றால் தவிர அங்கே அவருக்கு வாக்குரிமை இல்லை. ஹாரிஸின் காலத்தில் செனட் முதல் இரண்டு ஆண்டுகள் 50-க்கு 50 என்றும் பிறகு ஏறத்தாழச் சமமாகவும் பிளவுபட்டிருந்ததால் அப்படி 33 முறை அவர் வாக்களிக்க நேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கால்ஹூன் 31 முறை வாக்களித்ததே அதுவரை உச்சம்.

தேர்வாளர் வாக்குகளை எண்ணும் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் துணை அதிபரே. 2025 ஜனவரி 6 அன்று, மரப்பெட்டிகளில் கொண்டுவரப்பட்ட சான்றிதழ்கள் அலபாமா தொடங்கி வயோமிங் வரை அகரவரிசையில் படிக்கப்பட்டு முடிந்தபின், டிரம்ப்புக்கு 312, தமக்கு 226 என்று ஹாரிஸே அவையில் அறிவித்தார். 2001-இல் அதே ஆசனத்தில் அமர்ந்திருந்த அல் கோர், தம் தோல்வியை எதிர்த்து எழுந்த தம் கட்சிக்காரர்களின் ஆட்சேபணைகளை, செனட்டர் ஒருவரின் கையெழுத்து இல்லை என்ற காரணத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தார். அலங்காரப் பதவிதான்; ஆனால் அன்று அந்த இடத்தில் அமர நெஞ்சுரம் வேண்டும்.

கோயம்புத்தூர் வாசகி ஒருவர்: உலகின் பணக்கார அரசாங்கம் பணம் இல்லை என்று அலுவலகங்களை மூடுவது எப்படி?

பதில்: பணம் இல்லாமல் அல்ல, அதைச் செலவிட அனுமதி இல்லாமல். அவர்களின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ், அதாவது இரு அவைகளும் சேர்ந்த அவர்களின் நாடாளுமன்றம், நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்றாவிட்டால், ஒதுக்காத பணத்தைச் செலவிடக் கூடாது என்ற பழைய சட்டம் குறுக்கே வந்து நிற்கும். 1980 வரை எப்படியும் பணம் வரும் என்ற நம்பிக்கையில் அலுவலகங்கள் இயங்கிவந்தன. அந்த ஆண்டு அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அச்சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்துக் கருத்துரைத்த பிறகே கதவடைப்பு வழக்கமானது. 2025-இல் அது 43 நாட்கள் நீண்டது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் அத்தனை நாட்களும் சம்பளம் வராமல் பணிக்கு வந்தார்கள்; காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் மட்டும் தடைபடுவதில்லை.

நம் மக்களவை அரசுக்குப் பணம் மறுத்தால் அன்றே அமைச்சரவை கவிழ்ந்துவிடும், வேறு அரசு அமையும் அல்லது தேர்தல் வரும், முடிச்சு அவிழும். அங்கே அதிபருக்கு 4 ஆண்டு, பிரதிநிதிக்கு 2, செனட்டருக்கு 6 என்று காலம் வரையறுக்கப்பட்டிருப்பதால், அதிபரால் அவையைக் கலைக்கவும் முடியாது. பணம் மறுத்து அவையால் அதிபரை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. போதாக்குறைக்கு, செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்குகள் வேண்டும். 53 இடங்களை வைத்திருந்த ஆளுங்கட்சி, எதிர்த்தரப்பில் சிலர் இறங்கிவந்த பிறகே கதவைத் திறக்க முடிந்தது.

சேலம் வாசகர் ஒருவர்: ஜெரிமாண்டர் என்றால் என்ன?

பதில்: தொகுதி எல்லையைக் கட்சிக்குச் சாதகமாக வளைத்து வரைவது. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் அளித்த ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் இருந்ததால், ஒரு பாஸ்டன் பத்திரிகை இரு பெயர்களையும் ஒட்டிப் படம் போட்டது. பெரும்பாலான மாநிலங்களில் எல்லையை வரைவது சட்டமன்றமே. நீந்தி வந்தவரே குளத்தின் கரையை மாற்றிப் போடுவது போல. கட்சி நோக்கில் வரைந்தார்கள் என்ற புகாரைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்துவிட்டது.

திருநெல்வேலி வாசகர் ஒருவர்: சட்டங்களைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை அந்த உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்தது யார்?

பதில்: அதுவே எடுத்துக்கொண்டது. நம் அரசியல் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் போன்ற வெளிப்படையான வரி அங்கே இல்லை. 1800-இல் தோற்ற அதிபர் ஆடம்ஸ், பதவி விலகும் தறுவாயில் தம் ஆட்களை அவசரமாக நீதிபதிகளாக நியமித்தார். கையெழுத்தும் முத்திரையும் பெற்ற சில நியமன ஆணைகள் உரியவர்களுக்குச் சேராமல் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. அவற்றை அனுப்ப வேண்டிய வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷல். அப்போதே தலைமை நீதிபதியாகவும் இருந்தவர் அவர்! புதிய அதிபர் ஜெபர்சன் ஆணைகளைக் கொடுக்க மறுக்க, வில்லியம் மார்பரி என்பவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். தாம் அனுப்பத் தவறிய காகிதத்தைப் பற்றிய வழக்கைத் தாமே விசாரித்தார் மார்ஷல்; இன்று நினைத்தும் பார்க்க முடியாது.

ஆணையைக் கொடு என்றால் ஜெபர்சன் கீழ்ப்படிய மாட்டார், நீதிமன்றம் தலைகுனியும். வழக்கே இல்லை என்றால் அஞ்சிவிட்டதாகப் பேச்சு வரும். 1803-இல் அவர் சொன்னது இது: மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் இத்தகைய வழக்கை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை எங்களுக்குத் தந்த 1789-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது. சிறிய அதிகாரம் ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, காங்கிரசின் சட்டத்தையே ரத்து செய்யும் பெரிய அதிகாரத்தை அவர் எடுத்துக்கொண்டார். உத்தரவு எதுவும் இல்லாததால் ஜெபர்சனுக்கு மீறுவதற்கும் ஒன்றும் இல்லை. அந்த அதிகாரத்தை நீதிமன்றம் காங்கிரசின் சட்டம் ஒன்றின் மீது மறுபடியும் பயன்படுத்தியது 1857-இல்தான், அதுவும் அடிமை முறைக்கு ஆதரவாக. மார்பரிக்கு அந்தப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.