இறந்த இளவரசனின் இதயம் எந்த ஜாடியில்?

பண்டைய எகிப்தில் நடக்கும் உங்கள் காதல் கதையில், மம்மியாக்கப்பட்ட இளவரசனின் இதயத்தை உறுப்புகள் வைக்கும் ஐந்தாவது ஜாடி ஒன்றில் வைத்திருக்கிறீர்கள். எந்த ஜாடியிலும் வேண்டாம், உடலுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். இதயம் கல்லறை ஜாடியில் இருந்தால் இறந்தவரின் இதயத்தை எடைபோடும் தெய்வமான அனுபிஸ் தராசில் எதை வைப்பார் என்ற உங்கள் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும்.

எகிப்தியர்கள் ஜாடியில் வைத்தவை கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல். மூளையை மூக்கு வழியாக உருவி எறிந்தார்கள். நினைவும் அறிவும் இதயத்தில் இருப்பதாக நம்பியதால் அதை உடலிலேயே விட்டார்கள். (எல்லா மம்மிகளிலும் அப்படி இல்லை, விதி அதுதான்.) உங்கள் ஐந்தாவது ஜாடி ஏதோ திகில் படத்திலிருந்து வந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள ஆனியின் பாப்பிரஸ் (ஆனி என்ற எகிப்தியருக்காக எழுதப்பட்ட ஈமச்சடங்குச் சுருள்) படத்தைத் தேடி, உங்கள் காட்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தட்டில் இதயம், மறுதட்டில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு, அருகே பாவிகளின் இதயத்தைத் தின்ன முதலைத் தலையோடு காத்திருக்கும் அம்மித் என்ற அரக்கி.

மம்மியின் மார்பில் வண்டு வடிவக் கல் ஒன்றும் வைப்பார்கள். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று இறந்தவர் தன் இதயத்தையே கெஞ்சும் மந்திரம் அதில் செதுக்கப்பட்டிருக்கும். காதலை மறைத்துச் செத்த பதினேழு வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கல்லைக் கதாநாயகி கையில் கொடுங்கள். உங்கள் நிலவொளி முத்தக் காட்சியை வெட்டிவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம்: இளவரசன், கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னன் குஃபுவின் மகன் என்றால் இதெல்லாம் பொருந்தாது. அந்தக் கல்லும் ஆனியின் தராசுக் காட்சியும் கீசா பிரமிடுகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அவனைக் கி.மு. 1300 பக்கம் நகர்த்துங்கள்.