துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையில் பழைய நகரச் சிதைவுகளையும் கடலையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

சிதைவுகளுக்கு மூன்று நாள், கடலுக்கு மூன்று நாள் என்று பிரித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரிக்காதீர்கள். ஃபெத்தியேயிலிருந்து அந்தாலியா வரையுள்ள இந்தப் பகுதிதான் பழைய லிசியா. அதன் நகரங்களில் பல துறைமுகங்களாக இருந்தவை. இடிந்த வீதி வழியே நடந்தாலே கடைசியில் கால் அலையில்தான் நனையும்.

எதை விட்டாலும் பதாராவை விட்டுவிடாதீர்கள். கடற்கரைக்குப் போகும் வழியே சிதைவுகளுக்கு நடுவில்தான். இரண்டுக்கும் ஒரே டிக்கெட். பெரும்பாலோர் காரை நிறுத்தாமல் நேரே மணலுக்குப் போய்விடுகிறார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் போனேன். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் திரும்பி வந்து, லிசியக் கூட்டமைப்பின் மன்றத்தில் உட்கார்ந்தேன். 23 நகரங்களின் பிரதிநிதிகள் கூடிய இடம் அது. பெரிய நகரத்துக்கு 3 வாக்கு, நடுத்தரத்துக்கு 2, சிறியதற்கு 1. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படிக் கணக்குப் போட்டு ஆண்டிருக்கிறார்கள் என்பது அந்த அரைவட்டப் படிகளில் உட்காரும்போதுதான் உறைக்கிறது.

பக்கத்தில் உள்ள அரங்கத்தின் மேல்வரிசைக்கு ஏறிப் பாருங்கள். கீழே நாணல் அடர்ந்த சதுப்பு தெரியும். அதுதான் பழைய துறைமுகம். ஆற்று வண்டலும் கடல் மணலும் சேர்ந்து அதைத் தூர்த்துவிட்டன. கப்பல் வராத ஊரில் மனிதர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? காற்று அடித்துவந்த மணல் அரங்கத்தையும் மூடியது. பிற்காலத்தில்தான் அள்ளி வெளியே எடுத்தார்கள். இருக்கைக் கற்களின் இடுக்கில் விரலை விட்டால் இன்றும் நகக்கண்ணில் மணல் ஏறுகிறது. நகரத்தைக் கொன்ற அந்த மணல்தான் பக்கத்தில் 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்கரையாகக் கிடக்கிறது. பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிட வருவதும் அங்கேதான். கூடுகளுக்கு மேல் வேலி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் குடை நடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் மணலை ஒட்டி விடுதிகள் கிடையாது. சற்று உள்ளே இருக்கும் கெலெமிஷ் என்ற சிற்றூரில் தங்கலாம்.

தங்குவதற்கு என் தேர்வு காஷ். கடைத்தெருவின் மேல்முனையில் லிசியக் கல் சவப்பெட்டி ஒன்று, மூடியில் சிங்கத்தலைகளோடு நிற்கிறது. அதைச் சுற்றித்தான் ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. கடலைப் பார்த்த சிறிய அரங்கமும் உண்டு, மாலையில் போங்கள். பக்கத்தில் உள்ள கெகோவா தீவுக்குப் படகில் போனால், நிலநடுக்கத்தில் அமிழ்ந்த வீடுகளின் படிக்கட்டுகள் தண்ணீருக்குள் இறங்குவது தெரியும். அவற்றின் மேல் நீந்தத் தடை இருக்கிறது; நீந்துவதற்குப் படகை வேறு இடத்தில் நிறுத்துவார்கள்.

அந்தாலியா பக்கம் ஃபாசெலிஸ் ஒன்று போதும். மூன்று துறைகள், பைன் மர நிழல், ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் கல் பாவிய பெருவீதி. கி.மு. 334-333 குளிர்காலத்தில் அலெக்சாந்தர் தங்கிய ஊர். துண்டை மறக்காதீர்கள்.

மே மாதமோ செப்டம்பர் கடைசியோ நல்லது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் கற்களுக்கு நடுவே நிற்க முடியாது. ஊர்களுக்கு இடையே டோல்முஷ் எனப்படும் மினிபஸ்கள் ஓடுகின்றன. ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் பதாரா மணலில் இரவு தங்க விடமாட்டார்கள்; அதனால் சிதைவுகளைக் காலையிலேயே பார்த்துவிட்டு, பொழுது சாயும்வரை கடலில் இருங்கள்.