கப்பல் பயணத்தில் ஒரே ஒரு நாள் டைவிங்: எந்தத் தீவில் இறங்கலாம்?

கேள்வி: ஜூலையில் மியாமியிலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம் போகிறோம். கரீபியன் கடல் பக்கம் கிராண்ட் கேமன், ரோவாத்தான் (ஹோண்டுராஸ் நாட்டுத் தீவு), பெலீஸ், கோசுமெல் (மெக்சிகோ நாட்டுத் தீவு) என்று நான்கு இடங்களில் நிற்கும். நான் ஓபன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ் வாங்கியவள். இதுவரை 14 டைவ், கடைசியாக இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் நீந்திப் பார்ப்பது) மட்டும்தான். ஒரு நாள் டைவிங்குக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறோம். பெலீஸின் புளூ ஹோலில் (கடலுக்குள் இருக்கும் வட்டமான ஆழ்குழி) இறங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அங்கேயே போய்விடலாமா? கப்பல்காரர்களிடம் பதிவு செய்வதா, வெளியிலா?

பதில்: புளூ ஹோலை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். பெலீஸ் சிட்டியில் கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போடும். சிறு படகில் கரைக்கு வந்து சேரவே நேரம் ஓடிவிடும். புளூ ஹோல் அங்கிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது; போய்வர ஒரு முழு நாள் வேண்டும். அப்படியே நேரம் கிடைத்தாலும், எல்லோரும் பார்க்கப் போகும் சுண்ணாம்புக்கல் விழுதுகள் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான்.

கிராண்ட் கேமனிலும் பெரிய கப்பல்கள் கரையில் கட்டுவதில்லை; கரைக்கு ஆளேற்றிச் செல்லும் டெண்டர் என்ற சிறு படகில்தான் இறங்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் அந்த நிறுத்தத்தையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 2011-ல் அங்கே டைவர்களுக்காகவே மூழ்கடித்த கிட்டிவேக் என்ற பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அருமையான இடம்தான். ஆனால் டெண்டர் வரிசையில் நின்றுகொண்டே டைவ் படகு புறப்படுவதைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு.

ஆக, கப்பல் நேராகக் கரையில் கட்டும் ரோவாத்தானும் கோசுமெலும்தான் மிச்சம். யாரைக் கேட்டாலும் கோசுமெல் என்பார்கள். பலாங்கார், சாண்டா ரோசா என்று பெயர்பெற்ற பவளப்பாறைகள், கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆனால் அங்கே நடப்பது நீரோட்டத்தோடு மிதந்து போகும் டைவ். நீங்கள் ஒரு இடத்தில் இறங்கி வேறு இடத்தில் மேலே வருவீர்கள். உங்கள் காற்றுக் குமிழிகளைப் பார்த்தபடி படகு பின்னாலேயே வரும். பழகியவர்களுக்குச் சொர்க்கம். இரண்டு வருடம் இறங்காதவர் முதல் பத்து நிமிடம் மிதப்பைச் சரி செய்வதற்குள் குழு முப்பது மீட்டர் முன்னால் போயிருக்கும்.

அதனால் என் ஓட்டு ரோவாத்தானுக்கு. பவளப்பாறை கரையை ஒட்டியே ஓடுகிறது. படகில் சில நிமிடம்தான். பெரும்பாலும் மிதவையில் படகைக் கட்டிவிட்டு இறங்கி, அதே மிதவைக்குத் திரும்புவார்கள். உங்கள் கணவர் வெஸ்ட் பே கடற்கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளப்பாறையைப் பார்த்துவிடலாம், தனியாகப் படகுக் காசு கிடையாது. (அந்த மணலில் கண்ணுக்கே தெரியாத ஈக்கள் கடிக்கும். பூச்சி மருந்து தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.)

இனிப் பதிவு. கப்பல்காரர்களிடம் எடுத்தால் விலை பெரும்பாலும் கூடுதல், கூட்டமும் அதிகம். அதற்கு இரண்டு பலன்: கப்பல் அந்த ஊருக்குப் போகாவிட்டால் பணம் தானாகத் திரும்பும், டைவ் படகு தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். ஜூலை புயல் காலம் (ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை) என்பதால் முதல் பலன் சும்மா இல்லை. இருந்தாலும் நான் வெளியில்தான் எடுப்பேன். உங்களைப் போன்றவருக்கு வழிகாட்டி ஒருவருக்கு நான்கைந்து பேர் என்ற கணக்குதான் முக்கியம். அதைக் கேட்டு எழுத்தில் வாங்க முடிவது சிறிய டைவ் கடைகளில்தான். கூடவே, கப்பல் வராவிட்டால் முழுப்பணமும் திரும்புமா, வாடகைச் சாமான்களும் கடல் பூங்காக் கட்டணமும் விலைக்குள் அடக்கமா என்றும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில்லை. இரண்டு வருட இடைவெளியையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் டைவை ஆழம் குறைந்த இடத்தில் வைத்துக் கொடுப்பார்கள்.

கடிகாரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஜூலையில் ரோவாத்தான் நேரம் மியாமியை விட இரண்டு மணி நேரம் பின்னால். கப்பல் மியாமி நேரத்திலேயே ஓடினால், நான்கு மணிக்குள் ஏறு என்று அது சொல்லும்போது உங்கள் கைபேசி மதியம் 2:00 என்று காட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், டைவுக்கு முன் நிரப்ப வேண்டிய மருத்துவப் படிவம். இது என் சொந்த அனுபவம், ஊரும் கடையும் வேண்டாம். துறையில் அட்டையில் செருகிய தாளை நீட்டினார்கள். பழைய ஆஸ்துமாவுக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்தேன். டாக்டர் கையெழுத்து எங்கே என்றார்கள். படகு புறப்பட இருபது நிமிடம் இருந்தது. பணமும் போயிற்று, அன்று முழுக்கக் கரையில் தேங்காய்த் தண்ணீர்தான். படிவத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள். ஏதாவது ‘ஆம்’ வந்தால் ஊரிலேயே டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இன்னொருவரின் கேள்வி: எங்கள் கப்பலின் கடைசி நிறுத்தம் பஹாமாஸின் நாசாவ். அங்கே இரண்டு டைவ் செய்துவிட்டு, மறுநாள் காலை மியாமியில் இறங்கி 9 மணி விமானம் ஏறலாமா?

பதில்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் குறைந்தபட்சம். மதியம் 2 மணிக்குள் மேலே வந்துவிட்டால் உங்களுக்கு 19 மணி நேரம் கிடைக்கும். பிற்பகல் படகில் போய் 4 மணிக்கு மேலே வந்தால் 17 தான். காலைப் படகு கிடைக்கவில்லையென்றால் விமானத்தை மாலைக்கு மாற்றுங்கள்.