நித்திரையில்லாத வைத்தியர், தவறவிட்ட நோய்: யார்மீது வழக்கு?

கேள்வி: நாங்கள் வலிகாமத்தில் இருக்கிறோம். என் கணவர் மேசன் வேலை செய்தவர், வயது 49. பதினான்கு மாதங்களுக்கு முன், வயிற்றுக்குத்து தொடங்கி இரண்டு நாள் கழித்து, இரவு 9 மணிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்த்த இளம் வைத்தியர் காஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார். விடிய வந்த வேறொரு வைத்தியர்தான் அப்பெண்டிக்ஸ் என்று சொன்னார். பின்னேரம் ஒப்பரேஷன் செய்தபோது அது வெடித்திருந்தது. கிருமி பரவி இரண்டாவது ஒப்பரேஷனும் நடந்தது. இப்போது அவரால் பாரம் தூக்க முடியாது, வேலையும் இல்லை. அந்த இளம் வைத்தியர் முதல்நாள் காலையிலிருந்து கடமையில் நிற்கிறார் என்று ஒரு தாதி அன்றிரவே சொன்னார். களைத்துப்போன வைத்தியர்கள் பிழை விடுவது பற்றிய ஆராய்ச்சிகளைக் கனடாவிலிருக்கும் மகள் அனுப்பியிருக்கிறாள். இவற்றை வைத்து வழக்குப் போடலாமா? அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

பதில்: அம்மா, வழக்குப் போடலாம். ஆனால் அந்த ஆராய்ச்சிகளை மட்டும் நம்பிப் போனால் தோற்றுவிடுவீர்கள்.

ஆராய்ச்சிகள் பொய்யில்லை. பொஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004 இல் வெளியான ஆய்வில், 24 மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து நின்ற பயிற்சி வைத்தியர்கள் மற்றவர்களைவிட 35.9 வீதம் அதிகமாகப் பாரதூரமான பிழைகள் விட்டார்கள். நோயை இன்னதென்று கண்டறிவதில் பாரதூரமான பிழை 5.6 மடங்கு. உங்கள் கணவருக்கு நடந்ததும் அந்த வகைப் பிழைதான் என்பதால் மகளுக்கு நம்பிக்கை வந்திருக்கும். ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் வாசிப்பார். அமெரிக்காவில் 117 சத்திரசிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்டு 2016 இல் வந்த ஆய்வை அவர் எடுத்து நீட்டுவார். கடமை நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளின் இறப்போ பெரிய சிக்கல்களோ கூடவில்லை என்பது அதன் முடிவு.

எனக்கு முக்கியமாகப்படுவது 2020 இல் வந்த மூன்றாவது ஆய்வு. ஆறு சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட கடமை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பிழைகள் குறையவில்லை, கூடின. காரணம் தேடியபோது, ஒரு வைத்தியர் பார்க்கவேண்டிய நோயாளிகளின் தொகை கூடியிருந்தது தெரிந்தது. அதைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. ஆகவே வைத்தியர் எத்தனை மணித்தியாலம் விழித்திருந்தார் என்பது கேள்வியின் பாதிதான். அன்றிரவு அந்த விடுதியில் எத்தனை நோயாளிகள், அவர்களுக்கு எத்தனை வைத்தியர்கள், மூத்த வைத்தியர் ஒருவரை அழைக்க வழி இருந்ததா என்பது மற்றப் பாதி.

இனி நீதிமன்றம். நம் நாட்டில் வைத்தியக் கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்பது ரோம-டச்சுச் சட்டத்தின்படி. சிறுவர் வைத்தியரான பேராசிரியர் பிரியானி சொய்சாமீது போடப்பட்ட வழக்கை எல்லாச் சட்டத்தரணிகளும் அறிவார்கள். ஒரு குழந்தை இறந்ததற்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதையும் இல்லையென்றாக்கியது. வைத்தியரிடம் கவனயீனம் இருந்தது என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அப்படித் தீர்ப்பு வந்தது. குழந்தையின் மூளைத்தண்டில் கட்டி இருந்தது. நேரத்துக்கு நோயைக் கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று நிரூபிக்கப்படவில்லை. பிழை நடந்தது என்று காட்டுவது போதாது, அந்தப் பிழையால்தான் பாதிப்பு வந்தது என்றும் காட்டவேண்டும். நூறு ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தாலும் இந்த இரண்டாவது படியை அவை ஏறித் தரமாட்டா.

உங்களை ஏற்றிவிடக்கூடியது நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய ஃபோன் படம். கட்டில் தலைமாட்டில் தொங்கிய துண்டை, அதாவது வைத்தியர்கள் குறிப்பெழுதும் தாளை, யாரோ படம் பிடித்திருக்கிறீர்கள், நல்ல வேலை. இரவு 11.20 க்கு ஒரு குறிப்பு: ஒமெப்ரசோல் (காஸ்ட்ரிக் மருந்து), காலையில் மீண்டும் பார்க்கவும். அடுத்த குறிப்பு காலை 7.40 க்கு. இடையில் எட்டு மணித்தியாலத்துக்கும் மேலாக வைத்தியர் எவரும் எதுவும் எழுதவில்லை. இரத்தம் எடுத்ததாக முதற்குறிப்பில் இருக்கிறது. அந்த அறிக்கை எத்தனை மணிக்கு விடுதிக்கு வந்தது, யார் பார்த்தார்? கிருமித் தொற்றின் அடையாளமாக இரத்தத்தில் வெள்ளையணு கூடியிருந்து, அந்தத் தாள் விடியுமட்டும் யாரும் பார்க்காமல் கிடந்திருந்தால் அதுதான் உங்கள் வழக்கு.

பலவீனமான இடத்தையும் சொல்கிறேன். குத்து தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் சேர்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கும்போதே வெடித்திருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். எப்போது வெடித்திருக்கும் என்பதை, ஒப்பரேஷன் குறிப்பைப் பார்த்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால், வெளிமாவட்ட நிபுணர் ஒருவரைத் தேடுங்கள். அவர் சாதகமாகச் சொல்லாவிட்டால் வழக்கை விட்டுவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

அந்த இளம் வைத்தியரைப் பற்றிய உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன், சட்டமும் அதற்கு இடம் தருகிறது. களைப்பு அவருக்குச் சட்டப்படி தற்காப்பு ஆகாது. அனுபவம் குறைந்த வைத்தியர் என்பதற்காக அளவுகோல் இறங்காது என்று இங்கிலாந்தில் வில்ஷர் வழக்கில் சொன்னார்கள்; களைப்புக்கும் அதே நியாயத்தைச் சொல்வார்கள். ஆனால் அவரைத் தனியே கூண்டில் ஏற்றவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பிரசவ வைத்தியர் வந்துசேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்த ஒரு வழக்கில், வைத்தியரை நேரத்துக்குக் கொண்டுவர ஒழுங்கு செய்யாத நிர்வாகமே பொறுப்பு என்று அங்கே தீர்ப்பு வந்திருக்கிறது. இத்தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா, ஆனால் எடுத்துக்காட்டி வாதிடலாம். 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஊழியர் கடமையில் செய்த தவறுக்காக அரசின்மீது வழக்குத் தொடரலாம். ஒரு மனிதரை இரண்டு பகலும் ஓர் இரவும் நிற்கவைத்து, அதற்கு மேலும் ஒரு விடுதியை அவர் கையில் விட்டவர்கள் பதில் சொல்லட்டும். மகளின் கட்டுரைகள் பயன்படும் இடம் இதுதான்: இந்த ஆபத்து நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று என்று காட்ட.

அதற்கான சான்றை 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கணவரே கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மற்றவருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. துண்டின் முழுப்பிரதி, ஆய்வுகூட அறிக்கை வந்த நேரம், ஒப்பரேஷன் குறிப்பு, அன்றும் அதற்கு முந்தைய இரண்டு நாளும் அந்த விடுதியின் வைத்தியர் கடமைப் பட்டியல், அன்றிரவு இருந்த நோயாளிகளின் தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். வைத்தியர்களின் பெயர் வேண்டாம், பதவி போதும் என்று எழுதினால் மறுக்கச் சாட்டு ஒன்று குறையும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ், ஆதார வைத்தியசாலைகள் பல மாகாணத்தின் கீழ். உங்கள் ஆஸ்பத்திரி எதில் சேர்த்தி என்பதைப் பொறுத்துத்தான் விண்ணப்பம் யாருக்கு, பிரதிவாதி யார் என்பது.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு, அது எப்போதோ போய்விட்டது. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம், ஆகவே உங்களிடம் பத்து மாதம் இருக்கிறது. அதிலும் சட்டமா அதிபர்மீதோ அரச அலுவலர்மீதோ வழக்கிடுவதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். நிபுணரைத் தேடி அறிக்கை வாங்கச் சில மாதங்கள் போகும். எனவே தகவல் விண்ணப்பத்தை இந்தக் கிழமையே கொடுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. கணவரின் பழைய வருமானத்துக்கு ஏதும் அத்தாட்சி, வேலை கொடுத்தவர்களின் கடிதமாவது, எடுத்துக்கொண்டு போங்கள். இழந்த உழைப்பைக் கணக்கிட அது இல்லாமல் முடியாது.