வீடு என் காசில் கட்டியது, பேச்சில்தான் நான் இல்லை

வணக்கம் மேடம்.

எனக்கு வயது 53, ராமநாதபுரம் மாவட்டம். சவுதியில் ஜுபைலில் பைப் ஃபேப்ரிகேட்டராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே என்னை யாரும் எதையும் கேட்பதில்லை. மாடியில் தண்ணீர் டேங்க் மாற்றினார்கள். ஆள் வந்து ஏறிய பிறகுதான் எனக்கே தெரியும். மகனுக்கு எந்தக் காலேஜ் என்பதை மனைவியும் அவள் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். கேட்டால், "உங்களுக்கு இங்க உள்ள நிலவரம் தெரியாதுங்க" என்கிறாள். ஒவ்வொரு செங்கல்லும் என் ஓவர்டைம் மேடம். நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, குறை சொல்ல முடியாது. விருந்தாளிக்கும் அப்படித்தானே போடுவார்கள்? தெருவில் பார்ப்பவர்களும் "எப்ப திரும்ப?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த டேங்க் விஷயத்திலாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் யாருக்கும் கஷ்டம் காட்டியதில்லை. 2020-ல் கொரோனா சமயம் கம்பெனி மாதக்கணக்கில் சம்பளம் தராதபோதும், ரூமில் இருந்தவர்களிடம் கைமாத்து வாங்கி வீட்டுக்குத் தவறாமல் அனுப்பினேன். அதில் இன்னும் பாக்கி இருக்கிறது, அவளுக்குத் தெரியாது, அது வேறு கதை. இவ்வளவு செய்தவனுக்கு இந்த மரியாதைதானா? அங்கே என்னோடு இருந்த பழைய ஃபோர்மேன் ஒருவர், விசா இருக்கிறது என்கிறார். பேசாமல் மறுபடியும் போய்விடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

டேங்க்கைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். கைமாத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டு, "அது வேறு கதை" என்கிறீர்கள். எனக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

ஊர் திரும்பியவர்கள் தடுமாறுவது புதிதல்ல. வெளிநாடு போனதும் ஒருமுறை சரிந்து எழும் மனம், வீடு திரும்பியதும் இன்னொரு முறை சரியும் என்று கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி 1963-லேயே எழுதினார்கள். (அவர்கள் கவனித்தது படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போய் வந்த அமெரிக்கர்களை. நீங்களோ வாலிபத்தையே அங்கே விட்டு வந்தவர்.) அந்தச் சரிவு மெல்ல மெல்லச் சரியாகும். ஆனால் நீங்கள் விசா தேடுவது அதனால்தானா? அங்கே போனால் கடனைச் சத்தமில்லாமல் அடைத்துவிடலாம். இங்கேயே இருந்தால் ஒருநாள் சொல்லியாக வேண்டும்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்காமல் மனைவி முடிவெடுக்கிறார் என்கிறீர்கள். கைமாத்து வாங்கியபோது நீங்கள் அவரைக் கேட்டீர்களா? சம்பளம் வரவில்லை என்று தெரிந்திருந்தால் செலவைச் சுருக்கியிருப்பார், நகையை அடகு வைத்திருப்பார். அந்த வாய்ப்பையே நீங்கள் தரவில்லை. நீங்கள் செய்தது தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரும் இங்கே உங்களிடம் சொல்லாமல் எத்தனையோ சமாளித்திருப்பார். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிட்டிருப்பார்? அந்தத் தம்பியைத்தான். இன்று காலேஜ் விஷயத்தையும் அவரிடம் பேசுவதில் என்ன அதிசயம்? ஒருவருக்கொருவர் சொல்லாமலே குடும்பம் நடத்தப் பழகிவிட்டீர்கள், இருவருமே.

ஊரோடு வந்தவர், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் வங்கிக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முந்தின நாளே யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், கடனைவிட, மறைத்ததுதான் அவருக்கு வலிக்கும். அப்போது தயவுசெய்து ஓவர்டைமை இழுக்காதீர்கள். விசா பேச்சு அப்புறம் இருக்கட்டும், அவரும் உட்கார்ந்து பேசட்டும்.