சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும்?

சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். இரண்டு நாட்டிலும் கடிகாரம் ஒன்றுதான், நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு ஒன்றேகால் மணி நேரமா என்று தோன்றும். பலாலியின் ஓடுபாதை குட்டை. 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது முதல், சென்னையிலிருந்து அங்கே போய்வருவது ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். 650 கிலோமீட்டர் தள்ளி, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு ஜெட் விமானம் கிட்டத்தட்ட இதே நேரத்தில் போய்விடும்.

அதற்காகக் கொழும்பு வழியாகப் போகலாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, அங்கிருந்து மறுபடி வடக்கே பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணி நேரம் வர வேண்டும். என் மனைவியின் ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம் உரும்பிராய். கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கும்வரை, மாமியார் கண் சிகிச்சைக்குச் சென்னை வர வேண்டுமென்றால் இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கொழும்புப் பக்கம் போய், வீங்கிய காலோடு விமானம் ஏறுவார். இப்போது காலையில் வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் பலாலி வீதியில் நேராக விமான நிலையம் போகிறார். அந்த வயதில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூட வந்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தச் சேவை இனி ஒருபோதும் நிற்கக் கூடாது என்பது என் வேண்டுதல்.

இது புதிய பாதையும் அல்ல. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் விமானமே கொழும்புப் பக்கம் இருக்கும் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது.

போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். ஏடிஆரில் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதை மறைக்காது. வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரைப் பக்கம் கரை வளைந்து விலகுவதையும், சற்று நேரத்தில் மறுகரையின் பனைமரங்களையும் பார்க்கலாம்.

பலாலியிலிருந்து யாழ் நகரம் 16 கிலோமீட்டர் அளவு, அரை மணி நேரம். திருச்சி பக்கத்தில் இருப்பவர்களுக்கு 2025 மார்ச் முதல் அங்கிருந்தும் நேரடி விமானம் உண்டு. தூரம் இன்னும் குறைவு, 185 கிலோமீட்டர் அளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் விமானம் தாமதமாகலாம். சென்னையில் இறங்கி வேறு விமானம் பிடிப்பதாக இருந்தால், நடுவில் அரை நாளாவது விட்டு டிக்கெட் எடுங்கள்.