டிஸ்க் கெட்டுப்போகவில்லை, கடையிலிருந்து திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்

கேள்வி: மகள் கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. பாதுகாப்பாகக் கழற்ற எஜெக்ட் கொடுத்தால் ‘டிவைஸ் இன் யூஸ்’ (பயன்பாட்டில் இருக்கிறது) என்றே வருகிறது. கடையில் கொடுத்திருக்கிறேன். டிஸ்க் போய்விட்டது, டேட்டா எடுத்துத் தர 8,000 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா? இல்லை, அப்படியே பிடுங்கி எடுத்துவிடலாமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: ஐயா, இரண்டும் வேண்டாம். அந்தச் செய்தி வந்ததாலேயே டிஸ்க் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் டிஸ்கில் உள்ள ஃபைலைத் திறந்து வைத்திருக்கும், அவ்வளவுதான். போட்டோ ஃபோல்டர் திறந்திருக்கலாம், வீடியோ பிளேயர் மூடாமல் இருக்கலாம், ஆன்டிவைரஸ் சோதித்துக்கொண்டிருக்கலாம். எது பிடித்திருக்கிறது என்பது விண்டோஸுக்குத் தெரியும். நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் அதன் ஈவென்ட் வியூவரில் 225 என்ற எண்ணில் பெயரோடு எழுதியே வைக்கிறது. அதைத் திரையில் ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? இத்தனை வருஷமாகக் காட்டவில்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் கடைக்காரர் 8,000 கேட்கிறார்.

டிஸ்கை வாங்கி வந்து மாட்டுங்கள். மறுபடி அந்தச் செய்தி வந்தால், திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடிவிட்டு இரண்டு நிமிஷம் கழித்து எஜெக்ட் கொடுங்கள். அப்போதும் மறுத்தால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று வந்தது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் முழுசாக அணையாது, பாதி நினைவை எழுதி வைத்துக்கொண்டு தூங்கப் போகும். கழற்றிய டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டப்போகிறீர்கள் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். அதுதான் முழு அணைப்பு. சில லேப்டாப்பில் அணைத்த பிறகும் யூஎஸ்பியில் கரன்ட் வரும், டிஸ்கின் விளக்கும் எரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விளக்கு சிமிட்டாமல் நிலையாக இருந்தால் போதும்.

‘இப்போதெல்லாம் அப்படியே பிடுங்கலாம் சார்’ என்பார்கள். 2018இல் விண்டோஸ் 10இல் வந்த மாற்றத்தை அரைகுறையாகக் கேட்டவர்கள் அவர்கள். எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எழுதும்படி மாற்றினார்கள், உண்மைதான். ஆனால் காப்பி நடக்கும்போது பிடுங்கினால் ஃபைல் பாதியில் நிற்கும். உள்ளே தட்டு சுழலும் டிஸ்காக இருந்தால், எஜெக்ட் ஆனதும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மெல்லிய அதிர்வு ஒன்று தெரியும், சில நொடிகளில் அடங்கும். அடங்கிய பிறகே கேபிளைக் கழற்றுங்கள், அதற்கு முன் டிஸ்கைத் தூக்கக்கூட வேண்டாம்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஃபார்மட் செய்யவா?’ (அழித்துப் புதிதாக்கவா) என்று திரையில் கேட்டால் கடைக்காரர் கையை மவுஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்கின் மூடியைத் திறக்க விடவே விடாதீர்கள். தூசி வடிகட்டிய தனி அறையில் செய்யவேண்டிய வேலை அது. மின்விசிறி ஓடும் மேஜையில், திருப்புளியால் ஒரு ஆசிரியையின் டிஸ்கைத் திறந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருடைய 12 வருஷப் படங்கள் திரும்பி வரவில்லை.

டிஸ்க் கைக்கு வந்ததும் அன்றைக்கே இன்னொன்றில் காப்பி எடுங்கள். அந்த இரண்டாவதை மகள் வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்த டிஸ்குகளில் அசலும் காப்பியும் ஒரே அலமாரியில் நனைந்தவை நிறைய.